ஓசூர் ஷிப்ட்: தருமபுரி வீடுகளில் தங்கிய ஆலை நினைவுகள்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தபோது, ஓசூர் அதன் வடமேற்கு மூலையில் ஒரு சிறிய தாலுகா ஊர். ராகியும் நிலக்கடலையும் வானம் பார்த்து விளைந்த வட்டாரம் அது. 1971இல் அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்பேட்டைக்கு இடம் ஒதுக்கியது. பின்தங்கிய மாவட்டத்துக்குக் கிடைத்த சலுகைகளும், பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்ததும் முதலாளிகளை அங்கே இழுத்தன. 1980இல் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் 50 மொபெட்டும் வந்தன. டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஓசூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது.

நிறுவன வரலாறுகளில் இந்த ஆண்டுகள் பதிவாகியிருக்கின்றன. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போனவர்களின் வீடுகளில் தங்கிய நினைவு வேறு வகை. எந்த ஆண்டில் எந்த வண்டி வெளிவந்தது என்பது அங்கே யாருக்கும் நினைவில்லை. அப்பாவுக்கு எந்த வாரம் நைட் ஷிப்ட் என்பது மறக்கவில்லை.

ஆலைக்குள் போக அன்றைக்கு இருந்த வழி ஐ.டி.ஐ. படிப்பு. ஃபிட்டர், டர்னர் படித்தவர் அப்ரன்டிஸாகச் சேர்ந்து, பிறகு பர்மனென்ட் ஆவதற்குக் காத்திருப்பார். டைட்டனின் வழி சற்று வேறு. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த இளைஞர்களையும் பெண்களையும் எடுத்து, நுண்ணிய கடிகார வேலையை அதுவே கற்றுக்கொடுத்தது. பதினெட்டு வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த கிராமத்துப் பெண் தனியே நகரத்தில் தங்கிச் சம்பளம் வாங்குவது அன்று சிறிய விஷயமில்லை. 1990களில் மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு, சுற்றுவட்டக் கிராமப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடிகாரச் செயின் கோக்கும் வேலையையும் எடுத்துச் செய்தார்கள். அதற்கு முன்பே, 1989இல், மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தமிழகத்தில் முதன்முதலாகத் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியிருந்தது.

மூன்று ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும் வீட்டில் சமையலும் தூக்கமும் ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டவை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு மனைவி நாலரைக்கே எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுவார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்க, பிள்ளைகள் சத்தமில்லாமல் விளையாடக் கற்றுக்கொள்வார்கள். வரிசையாக ஒரே சுவரைப் பங்கிட்ட லைன் வீடுகளில் அது எளிதல்ல. ஒரு வீட்டின் பிரஷர் குக்கர் விசில் நான்கு வீட்டைத் தட்டி எழுப்பும். இந்தக் கணக்கையெல்லாம் மனதில் வைத்திருந்தவர்கள் பெண்கள்தான். ஆலை வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆண்களிடம் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு ஆலை என்றால் ஆயுத பூஜை. மற்ற நாட்களில் கேட்டோடு நின்றுவிடும் குடும்பத்தார் அன்று பல ஆலைகளுக்குள் போகலாம். சந்தனம் குங்குமம் வைத்த எந்திரத்தைக் காட்டி, ‘இதுதான் என் மெஷின்’ என்று அப்பா சொல்வார். அந்த வாரத்துக்கு முன்னும் பின்னும் போனஸ் பேச்சுதான். தருமபுரிப் பேச்சோடு ஓசூருக்கு வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் கன்னடமும் தெலுங்கும் பழகியதும் இந்த நகரத்துப் பாடம்தான்.

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதோடு போனது. தருமபுரியிலிருந்து திங்கட்கிழமை விடியலில் புறப்படும் பேருந்துக் கூட்டம் குறையவில்லை. மாறியது வேலையின் தன்மை. முதல் தலைமுறையில் ஒருவர் ஒரே ஆலையில் முப்பது ஆண்டு இருந்து பி.எஃப். பணத்தில் ஊரில் வீடு கட்டினார். ஊரிலும் அவர் ‘லேலண்டுக்காரர்’, ‘டைட்டன்காரர்’. இன்று பலர் காண்ட்ராக்டில் சேர்ந்து, ஆண்டுக்கு ஓர் ஆலை என்று மாறுகிறார்கள். ஓசூர் வட்டாரத்தில் செல்பேசிப் பாகங்கள் செய்யும் புதிய ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள், பலர் விடுதிவாசிகள். கல்யாணப் பேச்சில் பெண்ணோ மாப்பிள்ளையோ என்ன செய்கிறார் என்று கேட்டால், ‘ஓசூர்ல வேலை’ என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. கம்பெனி பெயரைச் சொல்லி, அடுத்த ஆண்டு அது மாறிவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் யோசிக்கிறார்கள்.