கல்லும் எருவாகுமோ?

கல்லைத் தின்று வளரும் செடி உண்டோ என்று வினவின், நகைப்போர் பலராவர். ஆயினும் நம் தோட்டத்து மண்ணிற் பெரும்பகுதி முன்னொரு காலத்திற் பாறையாயிருந்ததேயன்றோ? கரியமில வாயு கரைந்த மழைநீரும், வேர்கள் கசியவிடும் அமிலங்களும் பாறையைச் சிறிது சிறிதாய்க் கரைத்துச் சுண்ணாம்பு, மக்னீஷியம், பொட்டாஷ் முதலிய சத்துக்களை வெளிப்படுத்துகின்றன. அப்பாறையை மாவாக அரைத்திடின், நீர் தீண்டும் பரப்பு பன்மடங்கு பெருகி, அவ்வேலை விரைவுறும். கற்றூளை உரமாக இடுவதன் தத்துவம் இதுவே.

இதனை உலகறியச் செய்தோருள் ஜெர்மானியராகிய ஜூலியஸ் ஹென்ஸல் ஒருவர். 'கற்களினின்று அப்பம்' எனப் பொருள்படும் அவரது நூல் 1894-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் தொழுவெருவையும் இரசாயன உரத்தையும் ஒருங்கே பழித்தார். இங்குதான் அவர் வழுவினார் என்பது எம் கருத்து. இலை தழைப்பதற்கு இன்றியமையாத நைட்ரஜன் கல்லில் இல்லையென்றே சொல்லலாம். அதனை எருவும் தழையுமே தரல்வேண்டும். எனவே கற்றூள் எருவுக்குத் துணையேயன்றி, எருவுக்கு ஈடாகாது.

எல்லாக் கல்லும் ஒரு தன்மையனவல்ல. எரிமலைக் குழம்பு இறுகியுண்டான பசால்ட்டுக் கல் ஓரளவு விரைவிற் கரையும். கிரானைட்டிலோ கரைதற்கரிய குவார்ட்ஸ் மிகுதி. அதிலுள்ள பொட்டாஷும் மெல்லவே வெளிப்படும். ஆதலின் பிரேஸில் அரசாங்கத்தார் 2016-இல் வகுத்த விதிப்படி, நிலத்துக்கிடும் கற்றூளிற் சுண்ணாம்பு, மக்னீஷியா, பொட்டாஷ் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 9 பங்கேனும் இருத்தல்வேண்டும். தனிக் குவார்ட்ஸ் 25 பங்குக்கு மேற்படலாகாது.

அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் நான்காண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 50 டன் பசால்ட்டுத் தூள் இட்ட வயல்களில், மக்காச்சோளமும் சோயாவும் நூற்றுக்கு 12 முதல் 16 வரை மிகுதியாய் விளைந்தன. இவ்வளவைத் தோட்டக் கணக்கிற் கூறின், சதுர மீட்டருக்கு 5 கிலோவாகும்! ஒரு பிடி தூவிவிட்டு மறுவாரமே மலரை எதிர்நோக்குவோர் ஏமாறுவர். புளிப்பேறி, மழையாற் சத்திழந்த மண்ணுக்கே இது பெரிதும் உதவும். சுண்ணாம்பு மிக்க நிலத்துக்கு இதனாற் பயன் சொற்பமே.

இன்னுமொன்று கூறவேண்டும். குவார்ட்ஸ் கலந்த நுண்தூள் சுவாசத்துடன் உட்சென்று நுரையீரலிற் படிந்தால் மீளாத நோய் தரும். கல்லுடைக்கும் தொழிலாளர் பலரை மாய்த்த நோய் அது. ஆதலின் தூளை நீரால் நனைத்து, மூக்கையும் வாயையும் நன்கு மூடிக்கொண்டு, காற்று வீசாத வேளையில் மட்கிய எருவோடு பிசைந்தே மண்ணிற் கலத்தல்வேண்டும்.