கம்ப்யூட்டர் கைவிட்டால்?

சாஃப்ட்வேர் எழுதுவது என் தொழில். ஆனாலும் உயிரையே ஒரு கம்ப்யூட்டரிடம் ஒப்படைப்பவர்களை நினைத்தால் எனக்கு வியப்புதான். ரீப்ரீதர் என்ற கருவியுடன் நீரடிக் குகைகளுக்குள்ளும் மூழ்கிய கப்பல்களுக்குள்ளும் செல்பவர்கள் அவர்கள்.

சாதாரண ஸ்கூபாவில் நாம் விடும் மூச்சு குமிழிகளாக வீணாகிறது. ரீப்ரீதர் அதே காற்றைத் திரும்பத் தருகிறது. அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடை சோடா லைம் உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலான கருவிகளில் 3 சென்சார்கள் ஆக்சிஜனை அளக்கும். அளவு குறைந்தால் கம்ப்யூட்டர் வால்வைத் திறந்து ஈடுகட்டும்.

2005 ஜனவரி 8. தென்னாப்பிரிக்காவின் புஷ்மேன்ஸ் ஹோல் குகை. 10 ஆண்டுகளுக்கு முன் அங்கே மூழ்கிய ஓர் இளைஞரின் உடலை மீட்க, டேவ் ஷா சுமார் 270 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார், உயிருடன் திரும்பவில்லை. அவருக்குத் துணையாக இறங்கிய டான் ஷெர்லியின் ரீப்ரீதர் கம்ப்யூட்டர், சுமார் 250 மீட்டரில் நீரழுத்தம் தாங்காமல் உடைந்தது. ஷெர்லி ஆக்சிஜனைக் கையாலேயே செலுத்தினார். படிப்படியாக நின்று நின்று ஏறி, சுமார் 12 மணி நேரத்துக்குப் பின் உயிரோடு மேலே வந்தார்.

நம் மேசையில் உயிர் போகாது. குழந்தையின் போட்டோக்கள் போகலாம். ஆட்டோ சேவ் இருக்கட்டும். நீங்களே சேவ் செய்யும் பழக்கமும், தனியே ஒரு பேக்கப் பிரதியும் இருக்கட்டும்.