கோடுகள் கண்ணீர் விடுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்

கார்ட்டூன் படம் பார்த்தேன், அதை ரசித்தேன் என்று கல்லூரி மலரில் எழுதினால் நண்பர்கள் நகைப்பார்கள் என்பதை நான் அறிவேன். "மீசை முளைச்சவன் பாக்குற படமாடா இது?" என்று விடுதியில் ஒருவன் கேட்டே விட்டான். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரையை அந்தப் பதிலாகக் கொள்ளலாம்.

சென்ற பருவ விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். தண்ணீர்ச் செம்பில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' என்னும் படத்தைப் பார்த்தேன். அம்மா அருகில் அமர்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். படம் ஆங்கிலம், அம்மாவுக்கு அம்மொழி தெரியாது. எனக்கும் பாதிதான் புரிந்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டும் நம்மில் பலருக்கு இது புதிதன்று. ஆனாலும் அம்மா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். வாயே திறவாத கடைசிக் குள்ளன் டோப்பியை மிகவும் பிடித்துப் போயிற்று. இறுதியில் ஸ்னோ ஒயிட் இறந்துவிட்டாள் என்று எண்ணிக் குள்ளர்கள் அவளைச் சுற்றி நின்று அழும் காட்சி வந்தபோது, அம்மாவின் கை நின்றது. பேசும்போதும், சண்டை போடும்போதும், ஏன், தூக்கம் சொக்கும்போதும்கூட நிற்காத கை அது.

வெறும் கோடும் சாயமுமான உருவங்கள் ஒரு பீடித் தொழிலாளியின் கையை நிறுத்தியது எப்படி? இக்கேள்வி என்னை விடவில்லை. கல்லூரி திரும்பியதும் நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தேன்.

முதலில் கதை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812ஆம் ஆண்டு வெளியிட்ட நாடோடிக் கதைத் தொகுப்பில் உள்ளது இது. மூலக்கதை நாம் எண்ணுவதைவிடக் கொடியது. அரசி ஒருமுறை அல்ல, மூன்று முறை மாறுவேடத்தில் வருகிறாள்: முதலில் இறுக்கிக் கட்டும் கச்சைக் கயிறு, பிறகு நஞ்சு தோய்த்த சீப்பு, அதன்பின்தான் ஆப்பிள். இளவரசனின் முத்தத்தால் உயிர் வருவதும் இல்லை. நமக்கு இன்று கிடைக்கும் இறுதிப் பதிப்பில், சவப்பெட்டியைச் சுமப்பவர்கள் தடுக்கி விழப்போக, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. திருமணத்தன்று அரசிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, சாகும்வரை ஆடவிடுகிறார்கள்.

இவற்றைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. கிரிம் கதையில் குள்ளர்களுக்குப் பெயர் கிடையாது. அவர்களது வீடு வெள்ளைத் துணி விரித்த மேசையோடு துப்புரவாக இருக்கும். படத்திலோ வீடு முழுவதும் குப்பை, ஒட்டடை, கழுவாத பாத்திரம். ஏழு பேருக்கும் ஏழு பெயர், ஏழு குணம். ஒருவன் சிடுமூஞ்சி, ஒருவன் தும்மிக்கொண்டே இருப்பவன், ஒருவன் தூங்கி வழிபவன். குளிக்கச் சொன்னால் ஓடும் இந்தக் கிழவர்கள் வேறு யாருமல்லர், நம் வீட்டுப் பிள்ளைகளே. இறுதிக் காட்சிக்கான அழுகையை டிஸ்னி இங்கேயே விதைத்துவிடுகிறார் என்பது என் எண்ணம்.

இனி நம் பாடத்துக்கு வருவோம். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு படம் மறையுமுன் அடுத்தது விழித்திரையில் விழுவதால் அசைவு தோன்றுகிறது, இதுவே பார்வை நிலைப்பு என்று பள்ளியில் படித்தோம். அது முழு உண்மையன்று. அடுத்தடுத்துத் தோன்றும் இரு நிலையான உருவங்களை ஒரே பொருளின் அசைவாக மனமே இணைத்துக்கொள்கிறது என்பதை 1912இல் மாக்ஸ் வெர்தைமர் என்னும் உளவியலார் ஆய்ந்து வெளியிட்டார். அசைவு திரையில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

படம் 83 நிமிடம். 83ஐ 60ஆலும் 24ஆலும் பெருக்கினால் 1,19,520 வருகிறது. ஒரு சித்திரத்தை இரண்டு தடவை படம்பிடித்து வேலையைக் குறைத்த இடங்கள் உண்டு. ஆனால் ஒரே சட்டத்தில் பல உருவங்கள் நிற்கும்போது, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தாள்கள் வேண்டியிருந்தன. ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளைப் பென்சிலால் வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவியாளர் வரைவார். அந்தக் கோட்டை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் மையால் படியெடுக்க வேண்டும். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் சாயம் நிரப்ப வேண்டும். காய்ந்தபின் அதனைப் பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து ஒரு சட்டம் படம்பிடிப்பார்கள். மறுபடி அடுத்த தாள். 1934இல் தொடங்கிய வேலை, 1937 டிசம்பர் 21இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கார்த்தே சர்க்கிள் அரங்கில் படம் திரையிடப்படும்வரை நீண்டது. இரண்டரை லட்சம் டாலரில் முடியும் என்று போட்ட கணக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலரில் போய் நின்றது. 'டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்' என்று திரையுலகம் கேலி பேசிற்று. உலகின் முதல் முழுநீளக் கார்ட்டூன் இதுவே என்பார்கள், அது தவறு. நிழலுருவங்களை வெட்டி நகர்த்தி லோட்டே ரைனிகர் என்னும் ஜெர்மானியப் பெண்மணி 1926லேயே 'இளவரசர் அக்மத்' கதையைப் படமாக்கிவிட்டார்.

இயற்பியல் மாணவனாக என்னைக் கவர்ந்தது மல்ட்டிபிளேன் காமிரா. இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்தவர்கள் கவனித்திருக்கலாம்: சாலையோரப் பனைமரம் விருட்டென்று பின்னே ஓடும், தொலைவிலுள்ள குன்று மெல்ல நகரும், நிலா நம் கூடவே வரும். நிலாக் காட்சியை ஒரே தாளில் வரைந்து காமிராவை அருகே கொண்டுபோனால் என்ன ஆகும்? மரம் பெரிதாகும்போது நிலாவும் கூடவே பெரிதாகும். உலகில் அப்படி நடப்பதில்லை. எனவே மரத்தை ஒரு கண்ணாடியிலும், வீட்டை அடுத்ததிலும், நிலாவை அடியிலுமாக அடுக்கடுக்காக வைத்து, உச்சியில் காமிராவைக் கீழ்நோக்கிப் பொருத்தினார்கள். மேலடுக்குகளை மட்டும் நகர்த்தினால் நிலா அப்படியே நிற்கும். அடுக்குகளுக்குத் தனித்தனியே ஒளியும் அமைக்க வேண்டும். 1937இல் வந்த 'பழைய ஆலை' என்னும் குறும்படத்தில் இதனைச் சோதித்துப் பார்த்துவிட்டே ஸ்னோ ஒயிட்டில் பயன்படுத்தினர். தொடக்கத்தில் நாம் அரண்மனையை நோக்கிச் செல்வது போலத் தோன்றுவது இதனால்தான்.

இவ்வளவு கருவி இருந்தும், அம்மாவின் கையை நிறுத்திய காட்சியில் வித்தை எதுவும் இல்லை. அதனை வரைந்தவர் பிராங்க் தாமஸ் என்னும் இளைஞர். படம் முழுவதும் துள்ளிக் குதித்த குள்ளர்கள் அங்கே ஏறக்குறைய அசையாமல் நிற்கிறார்கள். ஒரு தலை சற்றுத் தாழ்கிறது. ஒரு கண்ணீர்த்துளி உருள்கிறது. அதுவரை அவளைக் கரித்துக்கொட்டிய சிடுமூஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறான். அசைவைக் காட்டவே பிறந்த கலை, அசைவை நிறுத்தி நம்மை அழவைக்கிறது. இதை எப்படிக் கண்டுபிடித்தார்களோ, எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். காமிராவும் நிலாவும் அவர்களை ஈர்க்கவில்லை. வார்டு கிம்பல் என்பவர் குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சி ஒன்றை மாதக்கணக்கில் வரைந்தும், கதை தொய்கிறது என்று டிஸ்னி அதனை வெட்டிவிட்டார் என்றேன். "கழிவுல போட்டுட்டானா? சம்பளம் குடுத்தானா?" என்றார்கள். கொடுத்தார்கள் என்றேன். "அப்பஞ் சரி." பீடிக்கடையில் கழித்த பீடிக்குக் கூலி கிடையாது.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "ஏய்யா, இம்புட்டுத் தாளுக்கும் சாயம் போட்டது யாரு?"

பெண்கள். மையிட்டுப் படியெடுத்தவர்களும் சாயம் நிரப்பியவர்களும் இளம்பெண்களே. 1938இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு, படைப்பு வேலை ஆண்களுக்கு உரியது, பெண்களுக்கு உள்ளது படியெடுப்பதும் சாயமிடுவதும் மட்டுமே என்ற பொருளில் அந்நிறுவனம் பதில் அனுப்பிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலில் அப்பிரிவின் பெண்கள் பெயர் இடம்பெறவில்லை. அதன் தலைவியாக இருந்த ஹேசல் சீவெல் பெயர் மட்டும் கலை இயக்குநர் வரிசையில் வருகிறது. 1939இல் டிஸ்னிக்கு ஒரு பெரிய ஆஸ்கார் சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் கொடுத்துக் கொண்டாடினார்கள். 1941 மே மாதம் அதே நிறுவனத்தின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு திரையில் பெயரும் அவர்களுடைய குறைகளுள் ஒன்று.

"ஸ்டிரைக்கா?" என்று அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த ஒரு ஆங்கிலச் சொல் நன்றாகத் தெரியும்.

ஸ்னோ ஒயிட்டின் கன்னச் சிவப்பையும் அப்பெண்களே சாயம் தொட்டு ஒவ்வொரு தாளிலும் ஒற்றினார்கள், கொஞ்சம் இடம் பிசகினாலும் திரையில் கன்னம் துடிப்பது போலத் தெரிந்துவிடும் என்று சொன்னேன். "இன்னொரு தரம் போடு, பாப்போம்" என்றார்கள்.

இம்முறை அம்மா கதையைப் பார்க்கவில்லை. தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, செம்பின் அருகே குனிந்து, அவள் முகம் வரும்போதெல்லாம் கன்னத்தையே உற்று நோக்கிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து, "ஒண்ணுக்கொண்ணு பிசகாமப் போட்டுருக்காளுவ" என்றார்கள்.