இன்னிக்கு வேணாம் சார்!

"மாமா, உங்களுக்கு வயசு முப்பத்தாறுதானே? அதுக்குள்ள ஏன் இப்படி ரிட்டையர் ஆன மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்று என் மச்சினன் கேட்டபோது நான் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பஜ்ஜி தின்னும் மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது?

மச்சினன் சிறுசேரி சிப்காட்டில், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். வாரத்தில் ஐந்து நாள் ஏ.ஸி.யில் உறைந்துவிட்டு, சனி ஞாயிறு வந்தால் உயிரைப் பணயம் வைக்க இடம் தேடுகிற ரகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறி இறங்கியவன். என் மாமியாரிடம் 'நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். போகிற வழியில் பார்த்திருக்கலாம், பொய்யில்லை.

"அலைச்சறுக்கு மாமா! ஸர்ஃபிங். கோவளத்துல கத்துத் தராங்க. இங்கேருந்து அரை மணி நேரம்தான். வாங்க."

சமையலறையிலிருந்து என் மனைவி, "இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டாள். நான் பி.காம். அவளும் பி.காம்.

தீபாவளிக்கு முந்தின வாரம். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கேளம்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பி, உப்பளங்களையும் கழிமுகத்தையும் தாண்டினால் கோவளம். கேரளாவில் இருப்பது அல்ல. தர்காவும் மாதா கோயிலும் இருக்கிற நம் ஊர்க் கோவளம். சுத்தமான கடற்கரை என்று 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கிய இடம்.

அலைச்சறுக்கு என்றால் ஏதோ ஹவாய்த் தீவுச் சமாசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறந்தது அந்தப் பக்கம்தான். 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கிய டியூக் கஹனமோக்கு என்ற ஹவாய்க்காரர்தான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். ஒலிம்பிக்கிலேயே அது சேர்ந்தது, கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப்போன டோக்கியோ போட்டியில்தான். ஆனால் நம் குப்பத்துப் பையன்கள் யாரிடமும் கேட்காமல் மரப்பலகையைப் போட்டு அலையில் வழுக்கிக்கொண்டு வந்தவர்கள். 'கட்டுமரம்' என்ற வார்த்தையையே ஆங்கிலேயனுக்குக் கடன் கொடுத்த கரை ஸார் இது!

கோவளத்து மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-ல் இங்கே ஒரு அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். அடுத்த வருஷமே திருவிழா மாதிரி ஒரு போட்டி நடந்தது. கொஞ்சம் தெற்கே மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேசப் போட்டி. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே அங்கே நடந்து, நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். வலை இழுத்த வீட்டுப் பிள்ளைகள் பலகை பிடித்துச் சம்பளம் வாங்குகிற காலம் இது.

எங்களுக்குக் கற்றுத்தர வந்தவனும் அப்படி ஒரு மீனவர் வீட்டுப் பையன்தான். இருபத்திரண்டு வயசிருக்கும். எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் கடலைப் பார்த்தான். இரண்டு நிமிஷம் பார்த்தான். அப்புறம் சொன்னான்:

"இன்னிக்கு வேணாம் சார்."

"என்னப்பா, பணம் கட்டியாச்சே!" என்றான் மச்சினன்.

"திருப்பித் தந்துடறேன் சார். வன்னி பலமா ஓடுது."

வடக்கேயிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்துக்கு வன்னி என்று பெயர். தெற்கேயிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. இந்தக் கரைக்காரர்கள் புத்தகத்தில் படித்தது அல்ல. வலை போன திசையைப் பார்த்துப் படித்தது.

மச்சினன் விடவில்லை. "அதோ, அங்க அலையே இல்லியே. குளம் மாதிரி இருக்கு. அங்கயாவது இறங்கறோம்."

பையன் சிரித்தான். "அதுதான் சார் இழுக்கிற இடம்."

வாசகர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டுமல்லவா? மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளமான சந்து கிடைத்தால், அதன் வழியே ஆறு மாதிரி உள்ளே பாயும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். நகரத்து ஆசாமி 'இதுதான் பத்திரம்' என்று அங்கேதான் இறங்குவான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, களைத்துத்தான் போவோம். பதறாமல் மிதந்து, கையைத் தூக்கி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தச் சந்தை விட்டு வெளியே வர வேண்டும். சொல்வது சுலபம். அதனால்தான் இறங்காமல் இருப்பது உத்தமம்.

"பொங்கல் கழிச்சு வாங்க சார்" என்று சொல்லிப் பணத்தை அங்கேயே போனில் திருப்பி அனுப்பிவிட்டான்.

நூறு அடி நடந்திருப்போம். இன்னொரு ஆள் வந்தார். கையில் ஒரு பழைய பலகை. "நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க. பாதி ரேட். ஒண்ணும் ஆகாது."

மச்சினன் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துப் போனேன். அக்காள் புருஷன் என்கிற அதிகாரத்தை நான் பிரயோகித்தது அதுதான் முதல் தடவை.

டீ வருவதற்குள் அவனிடம் ஒன்று கேட்டேன். "குரங்கணி ஞாபகம் இருக்கா?"

அவன் பேசவில்லை. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் இறங்கி வரும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். காய்ந்த புல், கோடைக்காற்று, செங்குத்தான சரிவு. 23 பேர் போய்விட்டார்கள். மச்சினனைப் போலவே வார விடுமுறைக்கு மூட்டை கட்டிய பிள்ளைகள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த மாதத்தில், அந்தப் புல்லுக்கு நடுவே "இன்னிக்கு வேணாம்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு என்று அரசாங்கம் 2018-லேயே விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு கூட்டிப் போகும் திட்டத்தை ஆரம்பித்தது. வழிகாட்டிகள் அந்தந்த மலையடிவாரத்து ஜனங்கள். காட்டுத்தீ மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். "லீவு கிடைச்ச நேரம் பார்த்து மூடறான்" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. மூடுவதுதான் ஸார் அந்தத் திட்டத்தின் உயிரே!

கணக்குப் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அந்தக் கோவளத்துப் பையனுக்கு அன்றைய கூலி போச்சு. நடக்காத விபத்துக்கு எந்த லெட்ஜரிலும் பக்கம் கிடையாது. வரவில் எழுத முடியாது. திருப்பிக் கொடுத்த பணம் மட்டும் பற்றில் பளிச்சென்று தெரியும். நஷ்டம் என்று தெரிந்தும் 'வேணாம்' என்று சொல்கிறவன்தான் நமக்கு வேண்டிய ஆள். தமிழிலேயே ஆபத்தான இரண்டு வார்த்தைகள் 'ஒண்ணும் ஆகாது' என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

ஆகவே, சாகசத்துக்குப் புறப்படும் தம்பி, தங்கைகளே! கடலோ, மலையோ, அருவியோ, கூட்டிப் போகிறவரிடம் 'எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த நாள்ல கூட்டிட்டுப் போக மாட்டீங்க?" காற்று, மழை, நீரோட்டம், தீ என்று அவர் விரல் விட்டு எண்ணினால் காசைக் கொடுங்கள். "எப்ப வேணா வாங்க" என்றால் நேரே வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிடுங்கள்.

பொங்கல் கழிந்து போனோம். அதே பையன். கடலைப் பார்த்தான், தலையாட்டினான். முதலில் மணலிலேயே பலகையைப் போட்டுக் குப்புறப் படுக்கச் சொன்னான். கையால் துழாவு, மார்பை நிமிர்த்து, ஒரே தாவில் எழுந்து நில். மூன்றாவது தாவலில் என் முதுகு ஒரு சத்தம் போட்டது. குப்பத்துக் குழந்தைகள் நான்கு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம், பலகையைக் கணுக்காலோடு கயிற்றால் கட்டி, இடுப்பளவு தண்ணீரில், உடைந்து நுரைத்து வரும் சின்ன அலையில் தள்ளிவிட்டான்.

பதினோரு தடவை உப்புத் தண்ணீர் குடித்தேன். பன்னிரண்டாவது தடவை நின்றேன். நான்கு செகண்டு இருக்கும். மச்சினன் இரண்டு என்கிறான். அந்த நேரத்தில் ஈ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ், வருமான வரி எதுவுமே ஞாபகத்தில் இல்லை. கரை என்னை நோக்கி ஓடி வந்தது. அப்புறம் மணல், மூக்கு நிறைய.

போன வாரம் மச்சினனுக்கு ஆபீஸ் நண்பன் போன் செய்தான். எங்கேயோ அருவியாம், மழை கொட்டுகிறதாம், ஜோராக இருக்குமாம். கூட்டிப் போக ஆள் ரெடியாம்.

மச்சினன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு போனில் கேட்டான்: "மச்சி, அந்த ஆள் எப்ப கூட்டிட்டுப் போக மாட்டாராம்?"

என் மனைவி கேட்காமலேயே இன்னொரு தட்டு பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள்.