குளிரில் பற்றறி நிறைவதில்லை, ஏன்?

நுவரெலியாப் பக்கத்தில் தை, மாசி மாதங்களில் விடியற்காலை புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. சூரியத்தகட்டையும் பற்றறியையும் நம்பி விளக்கேற்றும் வீடுகளில் அந்நாட்களில் ஒரு முறைப்பாடு எழும். "பகலெல்லாம் நல்ல வெயில். நிறைந்துவிட்டதென்று பச்சை விளக்கும் எரிந்தது. இரவு 8 மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது." பற்றறி பழுதென்று எண்ணி, கடன்பட்டுப் புதியது வாங்குவோரும் உளர். அதற்குமுன் நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு.

ஈய அமிலப் பற்றறியில் மின்சாரம் சேர்வது இரசாயனத் தாக்கத்தினால். குளிர் கூட, அத்தாக்கம் மந்தமாகும்; அமிலமும் தடிப்பாகும். உள்ளே தடை கூடுவதால், மின்னேற்றும்போது வோல்ற்றளவு விரைவில் உயர்ந்துவிடும். மின்னேற்றக் கட்டுப்படுத்தி அந்த அளவை மட்டுமே பார்க்கிறது. நிறைந்துவிட்டதென்று எண்ணி மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. பற்றறியோ அரைகுறையாகவே நிற்கிறது.

தண்ணீர் விடும் 12 வோல்ற்றுப் பற்றறிக்கு 25 பாகை செல்சியசில் ஏறக்குறைய 14.4 வோல்ற்று போதும். ஒவ்வொரு பாகை குறையும்போதும் 0.02 முதல் 0.03 வோல்ற்று வரை கூட்டவேண்டும். ஆகவே 5 பாகையில் 14.8 முதல் 15 வோல்ற்று வரை தேவை. மூடிய பற்றறிகளுக்குத் தயாரித்தோர் தரும் அளவையே பின்பற்றுங்கள்.

குறைவாக ஏற்றி, முழுவதும் செலவிடுவது நாளாந்தம் தொடர்ந்தால், தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிவிடும். அப்போதுதான் பற்றறி உண்மையிலேயே பழுதாகிறது.

ஐதரோமீற்றரும் குளிரில் ஏமாற்றும். குளிர்ந்த அமிலம் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். 25 பாகைக்குக் கீழே ஒவ்வொரு 10 பாகைக்கும் 0.007ஐக் கழியுங்கள். 5 பாகையில் 1.250 என்று காட்டினால், சரியான அளவு 1.236 ஆகும்.

நாம் செய்யக்கூடியவை இவை:

பற்றறியை வெளித் தாழ்வாரத்தில் வையாமல் வீட்டினுள், தரையிலிருந்து உயர்த்தி, காற்றுத் துளையுள்ள மரப்பெட்டியில் வையுங்கள். குளிருக்கென்று அடுப்பருகே வைக்கவேண்டாம். மின்னேற்றும்போது வெளிவரும் ஐதரசன் தீப்பற்றும்.

கட்டுப்படுத்தி வாங்கும்போது வெப்பநிலை உணரி உள்ளதா என்று கேளுங்கள். அதன் முனையைப் பற்றறியோடு ஒட்டிவையுங்கள்.

நிறைந்த பற்றறியும் 0 பாகையில் தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கையே தரும். ஆகவே குளிர் மாதங்களில் ஒரு விளக்கைக் குறைத்து, பிள்ளைகள் படிக்கும் விளக்கை முதலில் காப்போம்.