பில் போடும் கையைத் தடுக்காத சின்ன ஜன்னல்

கம்ப்யூட்டரில் பில் போடும் வணிகப் பெருமக்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். மாதத்தின் முதல் வாரம், கடையில் கூட்டம் நிற்கிறது. கல்லாவில் இருப்பவர் மளமளவென்று பாக்கெட்டுகளை ஸ்கேனரில் காட்டிக்கொண்டிருக்கிறார். திடீரென்று திரையின் நடுவில் ஒரு கட்டம் தோன்றி, 'இச்சரக்கு இருப்பு குறைவு' என்கிறது. அடுத்த பாக்கெட்டைக் காட்டியதும் மறைந்துவிடுகிறது. நாமும் மறந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கட்டம் மறையும்போது ஒரு சரக்கையும் விழுங்கிவிட்டுப் போகிறது!

எப்படி என்று சொல்கிறோம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஸ்கேனரும் ஒரு கீபோர்டுதான். பாக்கெட்டில் உள்ள 13 இலக்க எண்ணை நொடியில் தட்டிவிட்டு, முடிவில் எண்டரையும் தட்டிவிடும். பெரும்பாலான கடைகளில் அப்படித்தான் அமைத்திருப்பார்கள். நடுவில் கட்டம் நிற்கும்போது இந்த எண்கள் பில்லுக்குப் போகாமல் கட்டத்துக்குப் போகின்றன. கட்டத்துக்கு எண்ணால் பயனில்லை, தள்ளிவிடுகிறது. பின்னால் வரும் எண்டரை மட்டும் 'ஓ.கே.' என்று எடுத்துக்கொண்டு மூடிக்கொள்கிறது. ஸ்கேனர் எழுப்பும் 'பீப்' சத்தமோ, கோடுகளைப் படித்துவிட்டேன் என்பதற்கு மட்டுமே. பில்லில் ஏறிவிட்டது என்பதற்கு அல்ல. கல்லாவில் இருப்பவரின் கண் சரக்கின்மேல், காது சத்தத்தின்மேல். அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் கடையில் இதைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. இருப்பு எடுக்கும்போதெல்லாம் இங்கே ஒரு எண்ணெய் பாக்கெட், அங்கே ஒரு டீத்தூள், இரண்டு சோப்பு என்று குறைந்துகொண்டே வந்தது. கைத்திருட்டு என்றால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பொட்டலம் கட்டும் பையன்மீது சந்தேகம் போய், அவனைக் கல்லாப் பக்கமே வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம். அதன் பிறகும் குறைவு நிற்கவில்லை. ஒரு ஞாயிறு மாலை கடையை அடைத்துவிட்டு, நாங்களே பத்துச் சரக்குகளை எண்ணி வைத்து ஸ்கேன் செய்து பார்த்தோம். நடுவில் ஒரு முறை கட்டம் வந்தது. பத்து முறை 'பீப்' கேட்டது. பில்லில் ஒன்பதுதான் இருந்தது.

ஆகவே சாப்ட்வேர் எழுதித் தருபவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் விஷயம், நிறமோ அழகோ அல்ல. தகவல் சொல்லும் ஜன்னல் சின்னதாக, ஓரமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கீபோர்டைத் தன் பக்கம் இழுக்கக் கூடாது. இது செய்ய முடியாத காரியம் அல்ல. மற்ற ஜன்னல்களுக்கு மேலே தெரிந்துகொண்டே, கீபோர்டைத் தொடாமல் இருக்கும்படி செய்ய 'நோஆக்டிவேட்' என்ற ஏற்பாடு விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

விலை பார்க்க, கணக்குப் போட என்று நாமே அழைக்கும் ஜன்னல் வேறு வகை. இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1984-ல், டாஸ் காலத்தில், போர்லண்ட் நிறுவனம் 'சைட்கிக்' என்ற புரோகிராமை வெளியிட்டது. எந்த வேலையில் இருந்தாலும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கால்குலேட்டரும் குறிப்பேடும் மேலே வரும். வேலை முடிந்ததும் போய்விடும், பழைய வேலை விட்ட இடத்திலேயே இருக்கும். கூப்பிட்டால் வரும், அனுப்பினால் போகும். நம் விலை ஜன்னலும் அப்படியே ஒரு விசையில் வந்து, எஸ்கேப் அழுத்தியதும் பில்லின் அதே வரிக்குத் திரும்ப வேண்டும்.

இடம் எங்கே என்பதையும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் தன் சொந்த அறிவிப்புகளை வலது கீழ் மூலையில் காட்டுகிறது. அங்கே வைத்தால் நம்முடையது மறைந்துபோகும். நாங்கள் மேலே, மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் ஒரு பட்டையாக வைத்திருக்கிறோம். கடைசியாக ஏறிய சரக்கின் பெயர், விலை, இதுவரை எத்தனை உருப்படி, இவ்வளவுதான் அதில். அகலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். உங்கள் சரக்குப் பட்டியலிலேயே நீளமான பெயரை எடுத்துக் கொடுங்கள். 'சீனி' என்பதை வைத்து அளந்தால் 'பொன்னி புழுங்கல் அரிசி 25 கிலோ சிப்பம்' பாதியில் வெட்டுப்படும், 25 கிலோவா 10 கிலோவா என்று தெரியாது. தமிழ் எழுத்தை மிகவும் சிறிதாக்கினால் புள்ளி மறைந்துவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

தலைப்புப் பட்டை இல்லாத ஜன்னலை எங்கே பிடித்து நகர்த்துவது என்று கேளுங்கள். நகர்த்திய இடத்தை அது நினைவில் வைத்துக்கொள்வது வசதிதான். ஆனால் பெரிய மானிட்டரை மாற்றிச் சிறியதைப் போட்டால், பழைய இடம் திரைக்கு வெளியே போய்விடும். ஜன்னல் காணாமல் போனதாகத் தேடிக்கொண்டிருப்போம். திறக்கும்போதெல்லாம் திரைக்குள் இருக்கிறோமா என்று அதுவே சரிபார்க்க வேண்டும்.

சில நண்பர்கள் இலவசமாகக் கிடைக்கும் கடிகாரம், காலண்டர் ஜன்னல்களை பில் போடும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறார்கள். வேண்டாம். விண்டோஸ் விஸ்டாவுடன் 2007-ல் பரவலாக வந்த 'கேட்ஜெட்'களையே, பாதுகாப்புக் குறை காரணமாக நிறுத்திவிடும்படி மைக்ரோசாப்ட் 2012-ல் அறிவுறுத்தியது.

எல்லா எச்சரிக்கையும் ஓரமாகவே வரலாமா என்றால், கூடாது. விலை பூஜ்யமாக இருக்கிறது, கடன் வரம்பு தாண்டிவிட்டது, காட்டிய பார்கோடு பட்டியலிலேயே இல்லை என்பவை வேலையை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கட்டம் எண்டருக்கு மூடக்கூடாது. எஃப் 12 போல, ஸ்கேனர் ஒருபோதும் அனுப்பாத விசைக்கு மட்டுமே மூட வேண்டும். 'பீப்' அல்லாத வேறு சத்தமும் எழுப்ப வேண்டும். கட்டம் நிற்கும்போது காட்டிய சரக்கை மறுபடியும் காட்ட வேண்டும் என்பதைக் கல்லாவில் இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள்.

புதிய சாப்ட்வேர் வாங்குமுன் மேற்சொன்ன பத்துச் சரக்குச் சோதனையை விற்பவர் எதிரிலேயே செய்து பாருங்கள். ஒரு சரக்கின் இருப்பை வேண்டுமென்றே ஒன்று என்று வைத்து, அதை மூன்றாவதாகக் காட்டி, நிறுத்தாமல் மீதி ஏழையும் காட்டுங்கள். எங்கள் கடையில் மாற்றம் செய்த பிறகு இதை முதலில் செய்து பார்த்தது அந்தப் பொட்டலம் கட்டும் பையன்தான். பத்தும் ஏறின.