டியூஷன் வைக்கும் முன்...

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. அங்குள்ள மீனவர் குப்பங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அதற்குப் "பாடு" என்று பெயர். யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இன்று நல்ல இடம் கிடைக்காதவருக்கு இன்னொரு நாள் கிடைக்கும்.

கல்லூரி நுழைவுப் பரீட்சையில் அப்படி முறை வராது! மார்க்கு வாங்கியவருக்கே இடம்.

"பிள்ளைக்குத் தனி டியூஷன் வைக்கலாமா?" என்று பெற்றோர் கேட்பது அதனால்தான்.

எதற்குப் பரீட்சை?

எல்லாப் படிப்புக்கும் நுழைவுப் பரீட்சை கிடையாது. தமிழ்நாட்டு என்ஜினீயரிங் கல்லூரிகளில் சேர இருந்த மாநில நுழைவுப் பரீட்சை 2007-ம் ஆண்டு முதல் இல்லை. பிளஸ்-2 மார்க்கே போதும்.

பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே மாநில இடங்களுக்கும் பிளஸ்-2 மார்க்குதான் கணக்கு.

டாக்டர் படிப்பு வேறு. அதற்கு 2017 முதல் தமிழ்நாட்டிலும் "நீட்" பரீட்சை கட்டாயம்.

என்ன நன்மை?

"நீட்" பரீட்சையில் 180 கேள்விகள். மொத்தம் 720 மார்க்கு. சரியான விடைக்கு 4 மார்க்கு. தவறான விடைக்கு 1 மார்க்கு குறையும்.

ஒரு மாணவி 100 விடைகளைச் சரியாக எழுதுகிறாள். 400 மார்க்கு. தெரியாத 40 கேள்விகளுக்கு ஏதோ ஒரு விடையைக் குறிக்கிறாள். அத்தனையும் தவறு. 40 மார்க்கு போய்விடும்! மிஞ்சுவது 360.

எங்கே தவறினோம், ஏன் தவறினோம் என்று உடனே சொல்ல ஓர் ஆள் வேண்டும். பெரிய வகுப்பில் ஒவ்வொருவரையும் கவனிக்க ஆசிரியருக்கு நேரம் இருக்காது. நல்ல டியூஷனின் பலன் இதுதான். சந்தேகம் தீரும். நேரம் பார்த்து எழுதும் பழக்கம் வரும்.

கேட்க வேண்டியவை

வாரந்தோறும் பரீட்சை உண்டா? தவறுகளை விளக்குவார்களா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? மாதா மாதம் பணம் கட்டலாமா? பிள்ளை இருட்டும் முன் வீடு திரும்ப பஸ் உண்டா?

இவற்றுக்குப் பதில் கிடைக்காமல், படகையும் வலையையும் அடகு வைத்துப் பணம் கட்டக் கூடாது.

பள்ளியை மாற்றாதீர்கள்!

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து "நீட்" பரீட்சையில் தேறியவர்களுக்கு, டாக்டர் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியே உண்டு. இது 2020-ல் வந்த சட்டம். 2021-ல் என்ஜினீயரிங், விவசாயம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இந்தச் சலுகை வந்தது.

"அங்கே பயிற்சியும் கிடைக்கும்" என்று பிளஸ்-1 வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், இந்தச் சலுகை போய்விடும்!

பிள்ளை அரசுப் பள்ளியிலேயே படிக்கட்டும். தேவையானால், மாலையில் டியூஷனுக்குப் போகட்டும். பணம் கட்டும் முன் பள்ளித் தலைமை ஆசிரியரை ஒரு முறை பார்த்துப் பேசுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது!